ஐஸில் வைத்த கார்டு

விடிகிற நேரத்தில் ஐஸ் பிளாண்டுக்குள் நுழைகிறவனை முதலில் அறைவது அம்மோனியா. கண் எரியும். குளிர் அதற்குப் பிறகுதான் தெரியும். உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் தகரக் கேன்கள் வரிசையாக மூழ்கிக் கிடக்கும். கிரேன் ஒரு வரிசையைத் தூக்கும், பச்சைத் தண்ணீரில் முக்கும், சாய்க்கும். ஆள் எடையைவிடக் கனமான ஐஸ் பார்கள் மரச்சரிவில் வழுக்கிக்கொண்டு இறங்கும். கீழே கொக்கியோடு நிற்கிறவன் ஒவ்வொரு பாரையும் குத்தி இழுத்து அரவை மெஷினுக்குத் திருப்ப வேண்டும். ஒரு கணம் பிந்தினால் அடுத்த பார் முதுகில் வந்து மோதும்.

அன்று மீன்பிடித் தடைக்காலம் முடிய ஒரு நாள் பாக்கி. இரண்டு மாதமாகக் கரையில் கிடந்த காரைக்கால்மேட்டு விசைப்படகுகள் மறுநாள் இரவு கடலுக்குப் போகும். ஐஸ் ஏறாமல் எந்தப் படகும் நகராது. பிளாண்ட் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தது.

கிரேனில் நின்றவன் புகழேந்தி. பி.காம். படித்தவன், முப்பதைத் தொடவில்லை. மனைவி வினோதா செத்து மூன்று வருஷம். அதற்குப் பிறகு அவன் பேச்சு குறைந்துபோனது. கேட்டதற்குப் பதில் சொல்வான், அவ்வளவுதான். கீழே கொக்கியோடு நின்றவன் அஜ்மீர். இரண்டு பேர் பேச வேண்டியதையும் அவனே பேசிவிடுவான்.

"என்ன மாமா, பூட்ஸெல்லாம் பளபளங்குது. பொண்ணு பாக்கப் போறியா?" என்று அன்றைக்கும் கேட்டான். அஜ்மீர் காலில் ரப்பர் செருப்பு.

அந்த பூட்ஸ் ஒன்றுதான் கடன் முடிந்த பிறகு புகழேந்தி தனக்கென்று வாங்கிய பொருள். முனையில் இரும்பு வைத்தது. அஜ்மீருக்கும் ஒரு ஜோடி வாங்கலாம் என்று கடையில் நின்றபோது தோன்றியது. பிளாண்ட் தர வேண்டியதை நாம் ஏன் வாங்க வேண்டும் என்று வந்துவிட்டான்.

கடன் வந்த கதை அந்தப் பிளாண்டில் எல்லோருக்கும் ஒன்றுதான். சில வருஷம் முன்னால் முதலாளி செம்பியன் ஒரு பேங்க் ஆளைக் கூட்டிவந்தார். டீயும் வடையும் கொடுத்து, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, ஆளுக்கொரு கிரெடிட் கார்டு கொடுத்தார்கள். அன்றோடு அட்வான்ஸ் என்ற பேச்சு முடிந்தது. யார் போய்த் தலையைச் சொறிந்தாலும், "கார்டுல எடுத்துக்கப்பா" என்பார். தடைக்காலத்தில் பாதிச் சம்பளம் தருவது பழைய வழக்கம். இந்த வருஷம் அதுவும் நின்றது. காரணம் கேட்டபோது அதே பதில்தான் வந்தது. சம்பளம் போதாத மாதங்களில் ஆட்கள் கார்டில் அரிசி வாங்கினார்கள், கார்டில் பீஸ் கட்டினார்கள், ஒரு கார்டைக் கட்ட இன்னொரு கார்டைத் தேய்த்தார்கள்.

வினோதாவுக்கு மூளைக்காய்ச்சல் வந்தபோது புகழேந்தி தனியார் ஆஸ்பத்திரிக் கவுண்டரில் நின்றான். செம்பியன் பக்கத்தில் வந்து தோளில் கை போட்டார். "கார்டுல போடு தம்பி. கம்பெனி பாத்துக்கும்." அவள் அந்த வாரமே போய்விட்டாள். பில் மாதாமாதம் வந்தது. கம்பெனி பார்க்கவில்லை. பைக்கை விற்றான். இரட்டை ஷிப்ட் பார்த்தான். ராத்திரிச் சாப்பாட்டை விட்டான். போன தை மாதம் கடைசி ரூபாயைக் கட்டினான்.

கடன் தீர்ந்தால் மனசு லேசாகும் என்று ஆட்கள் சொன்னார்கள். அப்படி ஒன்றும் ஆகவில்லை. மாதம் பிறந்ததும் கையில் பணம் நின்றது. அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. வினோதா ஒரு டேபிள் ஃபேன் கேட்டிருந்தாள். திருநள்ளாறு சாலைக் கடைக்குப் போய் ஓடுகிற ஃபேனுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றான், திரும்பிவிட்டான். கடைசியில், பேங்குக்குக் கட்டிக்கொண்டிருந்த தவணையை அதே தேதியில் போஸ்ட் ஆபீஸில் தன் பேரில் கட்டத் தொடங்கினான். பழகிய கை சும்மா இருக்கவில்லை.

கார்டைத்தான் வெட்ட முடியவில்லை. கத்தரிக்கோலை எடுத்து இரண்டு தடவை கீழே வைத்தான். அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்தது அந்த அட்டைதான். பையில் வைத்திருக்கவும் பயம். ஒரு நாள் வினோதாவின் டிபன் டப்பாவில் கார்டைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, பிளாண்டின் குளிர் அறையில் அடித்தட்டில் வைத்துவிட்டான். வேண்டுமென்றால் உருகும் வரை காத்திருக்க வேண்டும். வெறும் ஆசையாக இருந்தால் அதற்குள் ஆறிவிடும்.

"ஊரே ஐஸ்ல மீன் வைக்குது, எங்க மாமா கார்டு வைக்கிறாரு. கெட்டுப்போவாதுல்ல?" என்று அஜ்மீர் பிளாண்ட் முழுக்கச் சொல்லிச் சிரித்தான்.

மரச்சரிவின் ஓரத்தில் பார்கள் துள்ளாமல் தடுக்க ஒரு இரும்புக் கம்பி உண்டு. அதன் வெல்டிங் விட்டுப் போயிருந்தது. மூத்த தொழிலாளி முத்தையன் செம்பியனிடம் இரண்டு முறை சொன்னார். தடைக்காலம் முடியட்டும் என்று பதில் வந்தது. அன்று விடியற்காலையில், அஜ்மீர் பூட்ஸைக் கேலி செய்து ஒரு நாழிகைகூட ஆகவில்லை, ஒரு பார் கம்பியைத் தள்ளிக்கொண்டு பக்கவாட்டில் துள்ளியது. அஜ்மீரின் வலது காலில் நின்றது.

அவன் கத்தவில்லை. கொக்கி கையிலிருந்து விழுந்த சத்தத்தில்தான் புகழேந்தி திரும்பிப் பார்த்தான். நாலு பேர் சேர்ந்து பாரைப் புரட்டினார்கள். ஐஸில் சிவப்பு பரவியது. செருப்பு காலோடு ஒட்டிக்கிடந்தது.

அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க என்றார் முத்தையன். அதற்குள் செம்பியனின் கார் வந்துவிட்டது. அங்கே வரிசையில் கிடக்க வேண்டும், நல்ல இடமாகப் போவோம் என்று அவரே கதவைத் திறந்துவிட்டார். அஜ்மீரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு புகழேந்தி பின்சீட்டில் உட்கார்ந்தான்.

ஒரு தனியார் ஆஸ்பத்திரி. காலைக் கழுவிக் கட்டுப்போட்டு வலிக்கு ஊசி போட்டார்கள். ஆபரேஷன் இன்றைக்கே செய்ய வேண்டும், முன்பணம் கட்டினால் ஏற்பாடு செய்வோம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். கவுண்டரில் இருந்த பெண் எப்படி அடிபட்டது என்று கேட்டாள்.

"வீட்ல அம்மிக்கல்லு கால்ல விழுந்துடுச்சும்மா" என்றார் செம்பியன். பிறகு புகழேந்தியை ஓரமாக அழைத்துத் தணிந்த குரலில் விளக்கினார். வேலையிடத்து விபத்து என்று எழுதினால் போலீஸ் வரும். போலீஸ் வந்தால் பிளாண்டை மூடச் சொல்வார்கள். நாளைக்குப் படகுகள் போக வேண்டும். முதலாளியே பணம் கட்டினால் ஏன் கட்டினாய் என்ற கேள்வி வரும். எனவே வேறு யாராவது கட்ட வேண்டும்.

"கடன் இல்லாத ஒரே ஆளு நீதான் தம்பி. கார்டு சுத்தமா இருக்கு. தேய்ச்சு விடு. கம்பெனி பாத்துக்கும்."

புகழேந்தி அவர் முகத்தைப் பார்த்தான். அதே சொல். தோளில் அதே கை.

"கார்டு பிளாண்ட்ல இருக்கு."

"எங்க? பீரோலயா?"

"ஐஸ்ல."

செம்பியன் சிரித்தே விட்டார். டிரைவரை அனுப்பினார். டப்பா ஒரு கேரி பையில் வந்து கவுண்டரில் உட்கார்ந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே கெட்டியான ஐஸ். அதன் நடுவில் கார்டின் நீலம் மங்கலாகத் தெரிந்தது. செம்பியன் வாட்ச்மேனிடம் சுத்தியல் கேட்டார்.

"டப்பாவ அடிக்காதீங்க" என்றான் புகழேந்தி.

பக்கவாட்டில் வினோதா என்று புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது. செம்பியனும் அதைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார்.

உருகட்டும் என்று நின்றார்கள். டப்பாவின் வெளிப்பக்கம் வியர்த்து வழிந்தது. கவுண்டர் பெண் அடியில் ஒரு செய்தித்தாளை விரித்தாள். செம்பியன் பேசிக்கொண்டே இருந்தார். நீ படித்தவன், உனக்குப் புரியும், தீபாவளிக்குள் உன்னை சூப்பர்வைசர் ஆக்குகிறேன் என்றார். புகழேந்தி ஐஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். கார்டைத் தேய்த்தால் அஜ்மீர் உடனே உள்ளே போவான். தேய்த்தால் அம்மிக்கல்லுதான் விழுந்தது என்று ஆகிவிடும். கம்பியின் வெல்டிங் விட்ட இடம் அப்படியே இருக்கும். அஜ்மீர் நொண்டிக்கொண்டு கடன் கேட்டு நிற்பான். பைக் இல்லாத, ராத்திரிச் சாப்பாடு இல்லாத அந்த வருஷங்கள் புகழேந்திக்கு முதலிலிருந்து தொடங்கும்.

அஜ்மீரின் மனைவி ஹஃப்ஸா தெரு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கி ஓடிவந்தாள். அவள் பின்னால் முத்தையனும், அரவை மெஷினில் நிற்கும் அல்லியும், இன்னும் ஏழெட்டுப் பேரும். எல்லோர் உடுப்பும் நனைந்திருந்தது. தரையெல்லாம் தண்ணீர் சொட்டியது.

"நீங்க ஏன் வந்தீங்க? அங்க யாரு லோடு ஏத்துறது?" என்றார் செம்பியன்.

முத்தையன் அஜ்மீர் எங்கே என்று பார்த்தார்.

கவுண்டர் பெண் ஹஃப்ஸாவிடம் விலாசம் கேட்டு எழுதினாள். அம்மிக்கல் விழுந்த நேரம் என்ன என்றும் கேட்டாள்.

ஹஃப்ஸா அழுகையை நிறுத்தினாள். "எங்க வீட்ல அம்மியே இல்லீங்களே."

 டப்பாவில் ஐஸ் விரிசல் விடும் சத்தம் கேட்டது. புகழேந்தி அஜ்மீர் படுத்திருந்த ஸ்ட்ரெச்சருக்குப் போனான். ஊசி போட்ட மயக்கத்திலும் அவன் கண் திறந்திருந்தது.

"மாப்ள. இங்க சேந்தா அம்மிக்கல்லுன்னு எழுதுவாங்க. அரசு ஆஸ்பத்திரின்னா நடந்தத எழுதுவாங்க. ஆனா எவ்ளோ நேரமாவும்னு தெரியாது. கால் உன்னுது. நீ சொல்லு."

அஜ்மீர் ஹஃப்ஸாவைத் தேடினான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயமாத்தான் இருக்கு மாமா. ஆனா அம்மிக்கல்லு வேணாம்."

புகழேந்தி கவுண்டருக்கு வந்து டப்பாவை மூடினான். அவன் அவ்வளவு பேசியதை அங்கிருந்தவர்கள் கேட்டு வருஷக்கணக்காகிவிட்டது. செம்பியனிடம் இன்னும் கொஞ்சம் பேசினான்.

"நான் தேய்க்கலீங்க."

"ஆளு கெடக்கிறான், நீ காசு பாக்கிறியா?"

"நீங்கதான் பாக்கிறீங்க."

செம்பியனின் முகம் மாறியது. "உன் பொண்டாட்டிக்கு நான் கூட நின்னேன்டா."

"நின்னீங்க. இதே சொல்லத்தான் சொன்னீங்க. கட்டினது நான்."

"நாளைக்கு ராத்திரி போட்டு கடல்ல எறங்கலன்னா மேட்டு ஜனம் என்னை விடாது. உங்களையும் விடாது. பாத்துக்கங்க."

"என் தம்பி போட்டும்தான் நிக்குது. அவன்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார் முத்தையன். பிறகு சாதாரணமாகச் சேர்த்தார்: "கிரேன நிப்பாட்டிட்டுத்தான் வந்தோம்."

ஆட்டோவில் அஜ்மீரைப் படுக்கவைத்தார்கள். ஹஃப்ஸா உள்ளே ஏறினாள். மற்றவர்கள் பின்னால் வேகமாக நடந்தார்கள். புகழேந்தியின் கையில் இருந்த டப்பாவில் உருகிய தண்ணீர் தளும்பியது.

அரசு ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று கேட்டார்கள். அஜ்மீரே சொன்னான். பார் விழுந்தது, கம்பி விட்டிருந்தது, எந்தப் பிளாண்ட், யார் முதலாளி. எழுதிக்கொண்டார்கள். போலீஸுக்குத் தகவல் போனது. எலும்பு டாக்டர் வந்து பார்த்தார். இரண்டு விரல் போகலாம், பாதத்தைக் காப்பாற்றப் பார்க்கிறேன், உறுதி சொல்ல மாட்டேன் என்றார். வெயில் ஏறும்போது அவனை உள்ளே கொண்டுபோனார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். என்ன கேட்பது என்பதில் குழப்பம் இல்லை. அஜ்மீரின் வைத்தியமும் நஷ்டஈடும், எல்லோருக்கும் பூட்ஸ், கம்பி வெல்டிங், நிறுத்திய பாதிச் சம்பளம். அதுவரை கிரேன் ஓடாது. எப்படித் தாக்குப்பிடிப்பது என்று வந்தபோதுதான் பேச்சு நின்றது. ஒவ்வொருவர் பையிலும் ஒரு கார்டு இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி இருந்தது.

"அஞ்சாந்தேதி ஆனா பேங்க்காரன் எனக்குப் போன அடிச்சுக்கிட்டே இருப்பான். மாமியாருக்குக்கூடப் போட்டு அசிங்கப்படுத்துவான்" என்றாள் அல்லி. ஒருவன் எழுந்து போனான், மரத்தைச் சுற்றிவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தான்.

புகழேந்தி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "போஸ்ட் ஆபீஸ்ல கொஞ்சம் இருக்கு. யாருக்கும் கட்ட வேண்டியதில்ல. அரிசி வாங்கலாம்."

"எத்தன நாளைக்கு வரும்?" என்றார் முத்தையன்.

"தெரியல."

"ஃபேன் வாங்கணும்னு சொன்னியேப்பா."

அவன் தலையை ஆட்டினான். வேண்டாம் என்றா, பிறகு பார்க்கலாம் என்றா, தெரியவில்லை. அல்லி தன் வீட்டு வாசலில் அடுப்பு போடலாம் என்றாள். ஹஃப்ஸா, என் அம்மா வீட்டில் பெரிய பாத்திரம் இருக்கிறது என்றாள். அண்ணன் கருவாட்டுக் கடை வைத்திருக்கும் ஒருவன், கருவாட்டுக்கு நான் பொறுப்பு என்றான்.

புகழேந்தி டப்பாவைத் திறந்தான். ஐஸ் முழுக்கக் கரைந்து கார்டு அடியில் கிடந்தது. தண்ணீரை மரத்தடியில் ஊற்றினான். கார்டைச் சட்டையில் துடைத்தான்.

"வெட்டிப் போட்டுருங்கண்ணே" என்றாள் ஹஃப்ஸா.

"இப்ப வேணாம். நாளைக்கு என்ன ஆவுமோ." கார்டைப் பைக்குள் வைத்தான். அந்த இடத்தில் சட்டை ஈரமாக இருந்தது.

முத்தையனின் போன் அடித்தது. செம்பியன். முதலில் எடுக்கவில்லை. திரும்பவும் அடித்தபோது முத்தையன் அதைப் புகழேந்தியிடம் நீட்டினார். படகுக்காரர்கள் வந்து சத்தம் போடுகிறார்கள், நீ மட்டும் வா பேசலாம், உனக்கு வேண்டியதைச் செய்கிறேன் என்றது குரல்.

"அஜ்மீர் உள்ள இருக்கான். நாங்க வெளிய இருக்கோம். இங்க வாங்க, எல்லார்கிட்டயும் பேசுங்க" என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தான்.

அல்லி தூக்குவாளியில் டீ வாங்கிவந்தாள். கிளாஸ் போதவில்லை. புகழேந்தி வினோதாவின் டப்பாவை நீட்டினான். சில்லென்றிருந்த டப்பாவில் டீ விழுந்து ஆவி வந்தது. முதலில் ஹஃப்ஸாவிடம் கொடுத்தான். அவள் குடித்துவிட்டு முத்தையனிடம் கொடுத்தாள். கைக்குக் கை போனது. கடைசியில் அவனிடம் வந்தபோது ஒரு வாய் மிச்சமிருந்தது. இன்னும் சூடாக இருந்தது.