ஒட்டுப் போட்ட வண்டி

விலையைக் கேட்டதும் வெல்டருக்குக் காது அடைத்துக்கொண்டது. "இன்னொரு தடவை சொல்லு" என்றார். பாலீஷ் இன்னொரு தடவை சொன்னான். அதே விலைதான்.

பாலீஷ் என்பது அவனுக்கு மற்றவர்கள் வைத்த பெயர். பழைய கார்களை வாங்கி, நசுங்கிய தகரத்தை நிமிர்த்தி, பெயின்ட் அடித்து, அதில் முகம் பார்த்துத் தலை சீவுகிற அளவுக்குத் தேய்த்து விற்பவன். முன்னால் கூரை போட்ட ஷெட். அதில் மினுமினுவென்று ஏழெட்டுக் கார்கள். பின்னால் திறந்தவெளி. தேறாத வண்டிகளை அங்கே உடைத்துப் பாகம் பாகமாக விற்பான். முன்னால் பிரசவ வார்டு, பின்னால் பிணவறை என்று வெல்டரின் மச்சினன் சொல்லுவான். பஸ் கண்டக்டரான அவன்தான் போகிற போக்கில் இந்த வண்டியைப் பார்த்துவிட்டு வந்து, "மாமா, உங்க வண்டி குளிச்சு முழுகி நிக்குது" என்று பற்றவைத்துவிட்டுப் போனவன்.

அவர் முன்பு யாருக்கோ விற்ற வண்டியேதான். உருண்டை விளக்கு, ஸ்டியரிங்கை ஒட்டிய கியர், முன்னால் மூன்று பேர் நெருக்காமல் உட்காரும் ஒரே நீளச் சீட்டு. விற்றபோது அதற்கு நிறம் என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. இப்போது இளம்பச்சையில் நின்றது. கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். முன்பெல்லாம் லேசாகத் தூக்கி, இடுப்பால் ஒரு இடி இடித்தால்தான் மூடும். இப்போது விரல் பட்டதும் சத்தமில்லாமல் போய் ஒட்டிக்கொண்டது. அதுவும் அவருக்கு எரிச்சலாக இருந்தது.

"நான் வித்த விலை தெரியுமா உனக்கு?" என்றார்.

"எனக்கு எதுக்குங்க அது?"

"ஒரு தையல் மெஷின் விலைப்பா."

"அப்ப மெஷினைக் கொண்டு வந்து குடுத்துப் பாருங்க, வண்டி வருதான்னு" என்று சிரித்தான் பாலீஷ்.

பக்கத்தில் நின்ற மனைவிக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. அந்த மெஷின் அவளுடையது. ஆஸ்பத்திரிகளுக்கு உடுப்பும் படுக்கை விரிப்பும் தைத்துக் கொடுக்கிறாள். கியர்பாக்ஸ் போய் வண்டி வாசலில் படுத்துக் கிடந்த காலத்தில், அதை விற்ற பணத்தில்தான் ஓரம் அடிக்கிற மெஷின் வாங்கினார்கள். அன்றைக்கு ஆரம்பித்தது சண்டை. "உன் மெஷினுக்காக என் வண்டி போச்சு" என்பார் அவர். "உங்க வண்டி பெட்ரோலாக் குடிச்சுது, என் மெஷின் சோறு போடுது" என்பாள் அவள். காய்ச்சலுக்கு ஊசி போடப் போனாலும், ஊசி போடுகிற பெண்ணைப் பிடித்து வைத்துக்கொண்டு அந்த வண்டியின் கியரைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் வருவார்.

இப்போது துணி மூட்டைகளைக் கொண்டு போக வாராவாரம் வாடகை வண்டி. தைக்கிற கூலியில் பாதி அதற்கே போகிறது. சொந்தமாக ஒரு வண்டி வேண்டும் என்று அவள் சேர்த்து வைத்திருந்தாள். காலையில் கிளம்பும்போதே தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"கையில இருக்கிறது இவ்வளவுதான். இதுக்குள்ள குடுத்தான்னா உங்க வண்டியையே எடுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இல்லைன்னா அங்கிருந்து நேரா ஷோரூம். முன்பணம் கட்டி இன்னிக்கே புது வண்டிக்குக் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் வீட்டுக்கு வரணும்."

அவள் வைத்திருந்ததைப் போல மூன்று மடங்கு சொல்லிக்கொண்டிருந்தான் பாலீஷ்.

"கொஞ்சம் மனசு வைப்பா. நான் ஓட்டின வண்டி."

"அதனாலதான் கதவைத் திறக்க விட்டேன். மத்தவங்க தொட்டாலே கைரேகை விழுதுன்னு துடைச்சிட்டு இருக்கேன். ஒரு அடி படாத வண்டிங்க இது. கம்பெனியில இருந்து வந்தபடியே இருக்கு."

"ஒரு அடி படாததா?" என்று மனைவி வாயைத் திறந்தாள். வெல்டர் அவள் முழங்கையை அமுக்கினார். அந்தத் துருப்புச் சீட்டைக் கடைசியில் இறக்கலாம் என்று கையில் வைத்திருந்தார்.

அந்த நேரத்தில்தான் பல் டாக்டர் வந்தார். பழைய கார்கள் சேர்ப்பவர். இந்த வண்டிக்கு ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்திருந்தார் என்பதே அப்போதுதான் வெல்டருக்குத் தெரிந்தது. மீதியைக் கொடுத்து எடுத்துப் போகத்தான் வந்திருந்தார். வண்டியைச் சுற்றி வந்தார். விளக்கின் வளையத்தை ஒரு விரலால் தடவினார். வெல்டர் அந்த விரலையே பார்த்தார். இவர் எடுத்துக்கொண்டு போனால் துணி போர்த்தி நிறுத்திவைப்பார், நல்ல வெயில் நாளாகப் பார்த்து வெளியே எடுப்பார். அவ்வளவுதான் இனி.

வெல்டருக்குத் தெரிந்த பேரம் ஒன்றுதான். வெங்காயம் வாங்கப் போனால் அழுகினதைத் தேடி எடுத்துக் கடைக்காரன் முகத்துக்கு நேரே நீட்டுவார். விலை இறங்கும். அவர் வாங்குவார். யாரும் மூட்டையோடு தூக்கிக் குப்பையில் போட்டு அவர் பார்த்ததில்லை.

"டாக்டர், ஒரு நிமிஷம். கீழே ஒண்ணு காட்டறேன்" என்றார். தரையில் கிடந்த அட்டையை இழுத்துப் போட்டு அதன் மேல் மல்லாந்து வண்டிக்கு அடியில் போனார். இந்த வயதில் அப்படிப் போவது லேசில்லை. முதுகு இரண்டு இடத்தில் பேசியது. டாக்டரும் நல்ல பேன்ட்டோடு குத்துக்காலிட்டு எட்டிப் பார்த்தார்.

"போன்ல லைட்டை இங்க அடிங்க. இது முன் சீட்டு வர்ற இடம். இது வரைக்கும் ஒரு வண்டி. இதுக்கு அந்தப் பக்கம் வேற வண்டி."

"வேற வண்டின்னா?"

"சிமென்ட் லாரி பின்னால வந்து ஏறி, பாதி அப்பளமாப் போன வண்டி இது. இரும்பு விலைக்கு வாங்கினேன். இதே மாதிரி இன்னொண்ணு, முன்பக்கம் எரிஞ்சது, கிடைச்சுது. அதுல நல்ல பாதியையும் இதுல நல்ல பாதியையும் வெட்டி, அடியில தாங்கற சேஸிஸோட சேர்த்துப் பத்த வெச்சேன். லாரி பாடி கட்டற பட்டறையில நமக்கு வேலை. முதலாளி கேஸ், முதலாளி கரன்ட், என் கை." பெயின்டைக் காசால் சுரண்டிக் காட்டினார். உள்ளே நேர்கோடாக ஒரு தழும்பு. "பதினாலு வருஷம் ஓட்டியிருக்கேன். மயிரிழை விடலை. நீங்க வைக்கிற பல்லு கழண்டாலும் கழலும், இது கழலாது."

மனைவி சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

டாக்டர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். அவருக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. சொத்தைப் பல்லைப் பார்த்துவிட்டு, பிடுங்கிவிடலாம் என்று சொல்கிற மாதிரியான முகம். "அட்வான்ஸைத் திருப்பிக் குடுத்திடுங்க" என்றார் பாலீஷிடம். "எங்க ஆளுங்ககிட்டயும் நான் சொல்லித்தான் ஆகணும். நாளைக்கு அவங்க யாராவது வந்து ஏமாறக் கூடாது பாருங்க."

அவர் போனதும் வெல்டர் சட்டையை உதறிக்கொண்டு, ஜெயித்த ஆள் மாதிரி வந்து நின்றார். "சரி, இப்ப சொல்லு விலையை."

பாலீஷ் அவரையே பார்த்தான். "பெரியவரே, உங்களுக்கு நான் ஏதாவது துரோகம் பண்ணியிருக்கேனா?"

"விலையைச் சொல்லுப்பா."

"இனி இதுக்கு என்ன விலை? இந்தப் பழைய வண்டி வாங்கற கூட்டம் மொத்தமே ஒரு பஸ்ஸுல அடங்கிடும். சாயங்காலத்துக்குள்ள எல்லார் காதுக்கும் போயிடும். தெரிஞ்சே இதை வித்தேன்னா நாளைக்கு நான் கம்பி எண்ணணும். ஆர்.டி.ஓ. சோதனைக்குக் கொண்டு போனா முதல்ல சேஸிஸைத்தான் பார்ப்பான். இதைப் பார்த்தான்னா பேப்பரைக் கிழிச்சுக் கையில குடுப்பான்."

"நான் ஓட்டினேனே?"

"அப்ப கேக்க ஆள் இல்லை."

பாலீஷ் வண்டியைச் சுற்றி நடக்க ஆரம்பித்தான். பார்வை மாறிவிட்டிருந்தது. "இந்த முன்பக்கக் கிரில்லுக்கு ஒருத்தன் நாயா அலையறான். விளக்கு ஜோடியா இருக்கு. நாலு கதவும் சுத்தம். சீட்டை ஒரு ஹோட்டல்காரன் கேட்டுட்டே இருக்கான், சோபா மாதிரிப் போடறதுக்கு. பிரிச்சா போட்ட காசு வந்துடும். முழுசா இருந்தாத்தான் நஷ்டம்."

"பிரிக்காதே" என்றார் வெல்டர். "நான் எடுத்துக்கறேன். நாங்க கொண்டு வந்ததை அப்படியே வாங்கிக்க."

பாலீஷ் கொஞ்சம் யோசித்தான். பிரிக்கிற கூலியைக் கழித்துப் பார்த்தானோ என்னவோ. "சரி, குடுங்க. ஆனா பேப்பர் கிடையாது. ரோட்டுல இறக்கக் கூடாது. இங்கேயிருந்து லாரியில ஏத்தித்தான் கொண்டு போகணும். வாசல்ல நிறுத்திட்டு உள்ளே உக்காந்துக்கலாம், அதுக்கு யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

வெல்டர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் கைப்பையை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் அவரும் பதிலுக்குக் கத்தி, அந்த வேகத்தில் பணத்தை வாங்கிக் கொடுத்திருப்பார். அவள் கத்தவில்லை.

"வாங்கணும்னா வாங்குங்க" என்றாள். "மூட்டையை நான் பஸ்ல கொண்டு போய்க்கறேன். முன்னால அப்படித்தானே போனேன்."

குத்தலாகச் சொல்லியிருந்தாலும் சமாளித்திருக்கலாம். உண்மையாகத்தான் சொன்னாள். கைப்பையின் ஜிப்பைத் திறந்தும் விட்டாள். அவள் முழங்கால் வீங்கியிருப்பது அவருக்குத் தெரியும். பஸ்ஸில் மூட்டையோடு ஏறினால் அவளுடைய தம்பியைத் தவிர எந்தக் கண்டக்டரும் திட்டாமல் விடமாட்டான் என்பதும் தெரியும். ஓடாத வண்டி ஒன்று வாசலை அடைத்து நிற்கும். அதைச் சுற்றிக்கொண்டு அவள் மூட்டையைத் தூக்கிப் போவாள். இவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

"மூடு பையை" என்றார்.

"நிஜமாவா?"

"மூடுன்னா மூடேன்."

பாலீஷுக்கு அதற்கு மேல் காத்திருக்கப் பொறுமை இல்லை. அடுத்த ஆள் வருவதற்குள் அந்த வண்டி ஷெட்டில் இருக்கக் கூடாது. முழுசாகத் தள்ளிக்கொண்டு போக, பின்னால் இடமும் இல்லை. கதவுகளையும் சீட்டையும் பெட்ரோல் டேங்கையும் கழற்றிவிட்டு, நடுவில் வெட்டி இரண்டாக இழுத்துப் போகலாம் என்று முடிவு செய்தான். வெட்டுகிற ஆளுக்குக் குரல் கொடுத்துவிட்டு, நினைவு வந்தவன் போல இவர் பக்கம் திரும்பினான்.

"நீங்களே வெட்டறீங்களா? சேர்த்த கைதானே. கூலி தந்துடறேன்."

"எவ்வளவு?" என்றாள் மனைவி.

வெல்டர் அவளை முறைத்தார்.

"சும்மா கேட்டேன். கேக்கக் கூடாதா?"

"நீ வாயை மூடிட்டு இரு. நான் ஒருத்தன் திறந்தது பத்தாதா?"

கிளம்பியிருக்கலாம். வெல்டர் நின்று பார்த்தார். இளம்பச்சைக் கதவுகள் ஒவ்வொன்றாகக் கழன்று சுவரில் சாய்ந்தன. நீளச் சீட்டை இரண்டு பேர் பாடை மாதிரி தூக்கிப் போனார்கள். டேங்க் இறங்கியது. வெட்டுகிற ஆள் கேஸ் குழாயை இழுத்துக்கொண்டு வந்தான். முப்பது வயது இருக்கும். அடியில் படுத்து, எங்கே வெட்டுவது என்று தேடினான். பெயின்ட் சுரண்டியிருந்த இடத்தில் கோடு தெரிந்தது. ஒட்டுப் போட்ட இடம்தானே, சுலபமாக விடும் என்று நினைத்து அதன் மேலேயே தீயை வைத்தான்.

அந்த இடத்தில் உள்ளுக்குள் லாரி சேஸிஸ் தகட்டை இரட்டையாக மடித்து வைத்திருந்தார் வெல்டர். கை அகலம் முன்னால் தள்ளி வைத்தால் வெண்ணெய் மாதிரி போகும். இங்கே வைத்தால் வெளித் தகடு உருகி உள்தகட்டில் வழிந்து மறுபடியும் ஒட்டிக்கொள்ளும்.

தீ சீறியது. பொறி பறந்தது. அந்த ஆள் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மறுபடியும் வைத்தான். கெட்ட வார்த்தை சொன்னான். பாலீஷ் வந்து, "என்னடா, கேஸ் என்ன தண்ணியா?" என்றான். "என்ன எழவைப் போட்டு வெச்சிருக்கான்னு தெரியலண்ணே, விட மாட்டேங்குது." சிலிண்டர் முள் இறங்கிக்கொண்டே போனது.

மனைவி அவர் பக்கம் திரும்பினாள். வெல்டிங் தெரியாவிட்டாலும் அவர் முகம் அவளுக்குத் தெரியும்.

"எங்க வெட்டணும்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"சொல்லிட்டு வாங்களேன். அந்தப் பையன் பாவம், வேர்த்து ஊத்துது."

"இன்னிக்குச் சொன்னது போதும்" என்றார் வெல்டர். "நட. ஷோரூமை மூடிடுவான்."