பிறை பதினாலும் சுங்கை பினாங்கும்

ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டுச் சுவரில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே, ஒரு பழுப்புக் கோடு ஓடும். வெள்ளம் வந்து வடியும்போது சுங்கை பினாங் ஆறு போட்டுவிட்டுப் போகிற கோடு அது. மகள் கல்யாணத்துக்கு முன்னால் நான் அதன் மேல் இளம்பச்சைச் சாயம் அடித்தேன். இரண்டு பூச்சுக்கும் அடங்காமல் சனியன் எட்டிப் பார்த்தது. சரிதான் போ என்று துணி அலமாரியை இழுத்து அதன் முன்னால் நிறுத்தினேன்.

இத்தனை பாடும் ஒரே ஒரு ஆளுக்காக. ஆயர் ஈத்தாமிலிருந்து வரப்போகும் என் சம்பந்தி சித்தி ஹாஜராவுக்காக.

எங்கள் இரண்டு குடும்பத்திலும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து தங்குவார். கடல் தாண்டி வந்தபோது எங்கள் முன்னோர் எதையெதையோ விட்டுவிட்டு வந்தார்கள், இந்த வழக்கத்தை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அவர்களுக்கு ஆயிரம் துஆ! என் ஒரே மகள் அஃப்ரீன் கல்யாணத்துக்குப் பிறகும் என் வீட்டிலேயே இருப்பாள் அல்லவா? அந்த ஒரு நினைப்பிலேயே நான் கால் தரையில் படாமல் நடந்துகொண்டிருந்தேன். நிச்சயத்தன்று சித்தி ஹாஜரா அதில்தான் கல்லைத் தூக்கிப் போட்டார். அவருக்கும் ஹாஃபிஸ் ஒரே மகன், கணவர் இல்லை.

“வழக்கத்த நான் மாத்தச் சொல்லல சம்பந்தி. ஆனா நீங்க இருக்கிறது ஆத்தோரம். விருந்தன்னிக்கு வந்து வீட்டப் பாப்பேன். ஈரம் கண்டேன், ரெண்டு பேரையும் கையோட மேல கூட்டிட்டுப் போயிடுவேன்லா” என்றார்.

மேலே என்றால் கொடிமலை அடிவாரம். அங்கே இருக்கிறவர்களுக்கு நாங்கள் எல்லோருமே கீழே.

“அதுக்கென்ன, வாங்க. எங்க வீட்டுத் தரையில நீங்க அப்பளம் காய வைக்கலாம்” என்று சொல்லி வைத்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

தேதி குறித்தவர் என் வீட்டுக்காரர் ஷேக் அலாவுதீன். பசாரில் மசாலாத் தூள் விற்கிறவர். அவர் குடும்பத்தில் எல்லா நிக்காஹ்வும் பிறை பதினாலில்தான் நடக்கும். நிலா நிறைகிற மாதிரி வாழ்க்கையும் நிறைய வேண்டுமாம். அந்த மாதப் பதினாலு ஞாயிற்றுக்கிழமையில் வேறு வந்து விழுந்ததில் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அஃப்ரீன் அப்போது ஏதோ பயிற்சிக்காகக் கோலாலம்பூர் போயிருந்தாள். இடைநிலைப் பள்ளியில் புவியியல் ஆசிரியை. அவள் திரும்பி வருவதற்குள் பத்திரிகை அச்சாகிப் பாதி ஊருக்குப் போயாகிவிட்டது. பத்திரிகையைப் பார்த்தவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“வாப்பா! பதினாலாம் பிறைன்னா பௌர்ணமில்ல? அன்னிக்குத்தான் பாசாங், கடலேத்தம், உச்சத்துல இருக்கும். கடல் ஏறி ஆத்துக்குள்ள வரும். அதுவும் நம்ம ஊர்ல பௌர்ணமிக்கு மத்தியானம் ஏறும். விருந்து எத்தன மணிக்கு?”

“மத்தியானம்” என்றார் அவர், சுருதி இறங்கி.

அன்று சாப்பிடும்போது அவள் தன் தட்டிலேயே ஆற்றைக் காட்டினாள். ஓரத்தில் குவித்த சோறு கொடிமலை. அதிலிருந்து சாம்பாரை வழித்து இழுத்தாள். ஆயர் ஈத்தாமில் ஓடையாகத் துள்ளி இறங்குகிறது. வழியில் இன்னும் இரண்டு மூன்று ஓடைகள் வந்து சேர்கின்றன. எங்கள் பக்கம் வந்ததும் தரை தட்டையாகி ஆறு படுத்துவிடுகிறது. பினாங் என்றால் பாக்கு. ஒரு காலத்தில் படகுகள் ஏறி இறங்கிய ஆறாம். அப்போது வளைந்து வளைந்து போனதாம். பிறகு அரிசி ஆலை வந்தது, மரப்பட்டறை வந்தது, கார்ப் பட்டறை வந்தது. வளைவை வெட்டி நேராக்கினார்கள். வெட்டி விட்ட வளைவை மண் போட்டு நிரப்பினார்கள்.

“அந்த நிரப்புன எடத்துலதான் நாம உக்காந்து சோறு திங்கிறோம்” என்றாள்.

“சுத்தி வந்த அடுக்குமாடிக்காரன் எல்லாம் அவனவன் நெலத்த ஒசத்திக்கிட்டான். நாமதான் பீங்கான் கிண்ணத்துக்குள்ள அடியில கெடக்கிறோம்” என்று நானும் என் பங்குக்குப் பொரிந்தேன். அந்த ஆத்திரம் எனக்கு வெகுநாளாகவே உண்டு. எங்கள் சந்தில் மழை பெய்தால் அவர்கள் காருக்கு ஒன்றும் ஆவதில்லை.

“மழை இல்லாட்டி பாசாங் மட்டும் வந்து ஒண்ணும் செய்யாது. ரெண்டும் சேந்தாத்தான் வம்பு” என்று அஃப்ரீன் சமாதானம் சொன்னாள். பிறகு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, “உம்மா, பேசாம மாமிகிட்ட உண்மையச் சொல்லிடுங்க. ஹாஃபிஸுக்கு எல்லாம் தெரியும். எங்க ரெண்டு பேருக்கும் எங்க இருந்தாலும் சரிதான்” என்றாள்.

எனக்குச் சரியில்லையே! அதனால்தான் அலமாரியை நகர்த்தினேன்.

கல்யாண நாள் விடிந்தது. வானம் என்றால் வானம், அப்படி ஒரு நீலம். காலையில் பள்ளிவாசலில் நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. எங்கள் சந்து முழுவதையும் அடைத்துக் கெமாப் பந்தல் போட்டிருந்தோம். வெள்ளைத் துணிக் கூரைக்குக் கீழே மேசைகள், தரை வரைக்கும் தொங்கும் விரிப்புகள். நெய்ச்சோறும் தால்ச்சாவும் மணக்க மணக்க இறங்கின. மாப்பிள்ளை வீட்டார் கார்களில் வந்து இறங்கினார்கள். சித்தி ஹாஜரா முக்காட்டை உதறிக்கொண்டே வந்தார். உதறியதில் என் முகத்தில் தண்ணீர் தெறித்தது.

“என்ன சம்பந்தி, நனைஞ்சிருக்கீங்க?”

“மேல பேய் மழைலா! விடியக்காலையில புடிச்சது, இன்னும் விடல. இங்க பாருங்க, ஒரு சொட்டு இல்ல!”

திரும்பிப் பார்த்தேன். கொடிமலை இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு மூட்டம்தான் இருந்தது.

சம்பந்தி அம்மாக்கள் இருவரும் ஒரே சஹனில், ஒரே பெரிய தட்டில் கைபோட்டுச் சாப்பிடுவது எங்கள் முறை. எதிரெதிரே உட்கார்ந்தோம். நான் நல்ல கறித்துண்டாகப் பார்த்து அவர் பக்கம் தள்ளினேன். “மொதல்ல சாப்பிடுங்க, வீட்ட அப்புறம் நிதானமாப் பாக்கலாம்” என்றேன். நாலு வாய் உள்ளே போயிருக்கும்.

“சம்பந்தி, என் காலு நனையுது.”

“ஐஸ் தண்ணி கொட்டியிருப்பானுங்க. கவனமே கெடையாது இந்தப் பயலுகளுக்கு. அச்சார் போட்டுக்குங்க.”

என் காலும் நனைந்துகொண்டுதான் இருந்தது. பக்கத்து லோங்காங்கிலிருந்து, சாக்கடைக்குள் இறங்க வேண்டிய தண்ணீர், சத்தமில்லாமல் வெளியே ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த மேசைப் பெண்கள் நாற்காலிக் கம்பியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பாயசத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பந்தலில் எங்கள் பக்கத்து எழுபது பேரும் என் சொந்தக்காரர்கள். கொன்றாலும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். ஆனால் சர்பத் வாளி மூங்கில் அகப்பையோடு எங்கள் மேசையைத் தாண்டி மிதந்து போனபோது என்னிடம் வேறு பொய் மிச்சமில்லை.

“இதுவும் ஐஸ் தண்ணியா?” என்றார் சித்தி ஹாஜரா.

“உங்க ஊருத் தண்ணிதான் சம்பந்தி. உங்களத் தேடி வந்திருக்கு” என்றேன். வாய் கொஞ்சம் நீளம் என்று சொன்னேனே.

அதற்குப் பிறகு ஒரே அமளி. ஆண்கள் சட்டியைத் தூக்க, பெண்கள் பிள்ளைகளைத் தூக்க, என் வீட்டுக்காரர் பிறை பதினாலைத் தானே திட்டிக்கொண்டு ஓட, சம்பந்தியை நான் இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கட்டில் மேல் ஏற்றினேன். நானும் ஏறிக்கொண்டேன். தண்ணீர் கூடத்தைத் தாண்டி அறைக்குள் வந்தது. அலமாரி நனையுமே என்று மாப்பிள்ளை ஹாஃபிஸ் இரண்டு பேரோடு வந்து அதைத் தூக்கினான். பின்னால் கோடு பளிச்சென்று நின்றது.

சித்தி ஹாஜரா கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முக்காட்டு ஓரத்தைப் பிழிந்துகொண்டார், அவ்வளவுதான். நானாக இருந்தால் ஒரு மாதத்துக்குப் பேசியிருப்பேன்.

கதவு வழியே அஃப்ரீன் தெரிந்தாள். கல்யாணப் பட்டுச் சேலையை முழங்காலுக்கு மேல் செருகியிருந்தாள். மெயின் சுவிட்சை அணைத்தாள், அரிசி மூட்டையை மேசையில் ஏற்றினாள், கேஸ் சிலிண்டர் தோம்பை இழுத்துக் கம்பியில் கட்டினாள். ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை. மருதாணிக் கை பழகிய வேலையைப் பழகிய வரிசையில் செய்துகொண்டிருந்தது. ஹாஃபிஸ் அவள் பின்னாலேயே போய், சொன்னதை வாங்கி வாங்கி உயரத்தில் வைத்தான்.

“எத்தன வயசுலேருந்து இந்த வேலையெல்லாம் செய்றா?” என்று கேட்டார் சம்பந்தி.

“நடக்கத் தெரிஞ்சதுலேருந்து” என்றேன் பெருமையாக.

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் எனக்கே உறைத்தது. நாளைக்கு அவளுக்கு ஒரு பிள்ளை பிறந்து, அதுவும் நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அரிசி மூட்டையைத் தூக்குமா? என் மகள் என் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அந்த ஆசைக்காக அவளை இந்தத் தண்ணீரில் நிறுத்தி வைக்கப் பார்க்கிறேனே, நானெல்லாம் ஒரு தாயா?

“கூட்டிட்டுப் போங்க சம்பந்தி” என்றேன். “ரெண்டு பேரையும். நீங்க சொன்னதுதான் சரி. நான்தான் ஒங்ககிட்ட மறைச்சேன்.”

அவர் சந்தோஷப்படுவார் என்று பார்த்தேன். முகம் வெளுத்துவிட்டது.

“நான் சும்மா வாய்க்குச் சொன்னதுலா” என்றார். “அவன் போயிட்டா வீடு வெறிச்சுன்னு ஆயிடுமேன்னு சொன்னது. எங்க குடும்பத்துல மருமகள்னு ஒருத்தி வந்து தங்குனதே இல்ல சம்பந்தி. நான் எங்க உம்மா வீட்டுலயே இருந்தவ. அடுத்த வீட்டுப் பொண்ண எப்படி வெச்சுக்கிறதுன்னு எனக்கு என்ன தெரியும்?”

கட்டிலுக்குக் கீழே தண்ணீர் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் காலை இன்னும் கொஞ்சம் மடக்கிக்கொண்டோம். கடல் இறங்கினால்தான் கார் போகும். கார் போனால் அஃப்ரீனும் போவாள்.

சித்தி ஹாஜரா என் பக்கம் நகர்ந்து வந்தார். பரீட்சைக்குப் படிக்கிறவர் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: “காலையில அவ என்ன குடிப்பா?”

“கோப்பி ஓ” என்றேன். “பால் ஊத்தக் கூடாது. சீனி கொஞ்சமாப் போடுங்க. எழுந்த ஒடனே பேச்சுக் கொடுக்காதீங்க, கடிச்சு வெச்சிடுவா. குடிச்சு முடிக்கிற வரைக்கும் மூஞ்சிய அப்படித்தான் வெச்சிருப்பா. முடிச்சதும்…”

தண்ணீரில் தொங்கிய விரிப்பு நுனியை இழுத்துக் கட்டில் மேல் போட்டேன்.

“முடிச்சதும்?”

“கோப்பைய வெச்சிட்டு ‘உம்மா’ன்னு கூப்பிடுவா” என்றேன்.