குரூப்பில் விழுந்த மரம்

பெர்ன்ஹில் வளைவில் கற்பூர மரம் சாய்ந்து பாதையை அடைத்துவிட்டது. ஆபீசுக்குக் கிளம்பிய வேலாமணி, இந்தப் பக்கம் யாரும் காரில் வராதீர்கள் என்று தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். அங்கே இங்கிலீஷ்தான் சட்டம். ரிட்டயரான குமாரசாமி உடனே இலக்கணப் பிழை கண்டுபிடித்தார். பிழையே இல்லை என்று எதிர்வீட்டுக் கதிர் மல்லுக்கு நின்றார். சண்டை, யார் படித்த கான்வென்ட் உசத்தி என்பது வரை நாறியது. மரத்தைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை. தூ, இதுகளெல்லாம் படித்த ஜென்மங்களா! வேலாமணி போனைப் பைக்குள் திணித்தாள்.

மரம் அறுக்கும் ஆட்களுக்காக மழையில் அவள் காத்து நிற்கையில் குமாரசாமியின் கார் வந்து முட்டி நின்றது. கண்ணாடியை இறக்கிச் சிடுசிடுத்தார்.

“ஏனுங்க, மரம் விழுந்து கெடக்குதுன்னு குரூப்புல ஒரு வார்த்தை போட்டிருக்கக் கூடாதுங்களா?”