லூயிசா சொன்ன நிறம்

உதய் கிதாரை மேசைமேல் விரித்த துண்டில் கிடத்தி, ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, மூச்சுப்படும் தூரத்தில் குனிந்து பார்த்தான். பழைய எலக்ட்ரிக் கிதார்களைத் தேடி வாங்குகிறவன். பியூலா போனில் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு பெங்களூரிலிருந்து காரில் வந்திருந்தான்.

"ஒண்ணு மட்டும் நிஜமா சொல்லிடுங்க மேடம். இதுக்கு மேல யாராவது மறுபடி பெயிண்ட் அடிச்சிருக்காங்களா? ஒரிஜினல் பச்சைன்னா சந்தோஷமா எடுத்துக்கறேன். அடிச்சதுன்னா எனக்கு வேணாம்."

"டாடி எங்கள தொடவே விடமாட்டாரு சார். பெயிண்டா?" என்று பியூலா சிரித்தாள்.

நாற்காலியில் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்த அவள் அம்மா லூயிசா, தலை நிமிராமலே சொன்னாள்: "அது நீலம்."

பியூலாவுக்கு முகம் சுருங்கியது. அவள் அப்பா மாணிக்கராஜ் கோலார் தங்கச் சுரங்கத்தில் ஷிப்ட் முடித்துவிட்டு கிளப் பேண்டில் வாசித்தவர். ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிய ஒரு குடும்பத்திடம் கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய கிதார் அது. அவர் இறந்த பிறகும் அதே சுவரில், ஜன்னலுக்கு எதிரே, பச்சையாகத்தான் தொங்கியது. பியூலாவுக்கு நினைவு தெரிந்ததிலிருந்தே பச்சைதான். போன வருஷத்திலிருந்து லூயிசா அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோனாள். பாஸ்டரின் மனைவியை, செத்துப்போன தன் தங்கையின் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மாரிகுப்பத்தில் விடியற்காலை ரயிலேறி பெங்களூரில் வேலைக்குப் போகும் பியூலா, பகலெல்லாம் வீட்டுக்குப் போன் போட்டுக்கொண்டே இருப்பாள். அண்ணன் கிளமெண்ட் ஒரு முதியோர் இல்லம் பார்த்து வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். கோலார் டாக்டரிடம்கூட அவள் முதலில் சொன்னது இதைத்தான்: 'பச்சைய நீலம்ங்கறாங்க டாக்டர்.'

உதய் நிமிர்ந்தான். அவன் குரல் மாறியிருந்தது. "முன்ன நீலமா இருந்துச்சா ஆன்ட்டி?"

"இல்ல சார், மம்மிக்கு மறதி. அவங்க பேச்ச கணக்குல எடுத்துக்காதீங்க." அவசரத்தில், அம்மாவை வைத்துக்கொண்டே சொல்லிவிட்டாள். லூயிசாவின் விரல்கள் நின்றன. பிறகு அடுத்த காயை எடுத்தன.

உதய் கம்பிகளைத் தளர்த்தினான். அவற்றின் அடியில் இருந்த வெள்ளை பிளாஸ்டிக் தகட்டின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, தகட்டை மெதுவாகத் தூக்கினான்.

"மேடம், இங்க வாங்க."

தகடு மூடியிருந்த இடம் முழுக்க நீலம். நேற்றுப் பூசியதுபோல உள்ளே பொடிப்பொடியாக மினுங்கும் நீலம். தகட்டின் விளிம்பு எங்கே முடிந்ததோ அங்கிருந்து பச்சை.

"மேல இருக்கற வார்னிஷ் வெயில்லயும் புகையிலயும் மஞ்சளாயிடும். நீலத்து மேல மஞ்சள் ஏறினா பச்சையாத்தான் தெரியும். வெயில் படாத எடம் அப்படியே நிக்குது, பாருங்க. யாருமே கை வைக்கல, எல்லாம் ஒரிஜினல். ஆன்ட்டி சொன்னதுதான் கரெக்ட்."

பியூலா போய் அம்மாவின் நாற்காலியருகே தரையில் உட்கார்ந்தாள்.

"நீலந்தான் மம்மி."

"அதான் நானும் சொல்லிகினே இருக்கேன்." லூயிசாவின் குரலில் கோபம் இல்லை. "மறதி இருக்குதுடி. எனக்கே தெரியும். அதுக்குன்னு எல்லாமே போயிடுச்சா இன்னா?"

பியூலா, அவரைக்காய் நார் ஒட்டியிருந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம்தான், இதுவரை யாரும் அம்மாவிடம் கேட்காத ஒன்றைக் கேட்டாள்: "இத குடுத்துடலாமா மம்மி?"

லூயிசா கிதாரைப் பார்த்தாள். பிறகு உதயைப் பார்த்தாள். "யோசிச்சி சொல்றேன். அந்தப் புள்ளைக்கு மொதல்ல சோத்தப் போடு."

உதய் சிரித்துக்கொண்டே திருகாணிகளை மறுபடி முடுக்கினான். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது, பியூலா காரின் ஜன்னலருகே குனிந்து, "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றாள். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

"நான் ஒண்ணும் வாங்கலியே மேடம்" என்றான் அவன் குழப்பத்தோடு. ஞாயிற்றுக்கிழமை கிளமெண்டுக்கு என்ன பதில் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அம்மாவைக் கேட்காமல் சொல்லப்போவதில்லை என்பது மட்டும் தெரிந்தது.

வழியனுப்ப வாசலுக்கு வந்த லூயிசா, கார் போன பிறகும் வீட்டுக்குள் திரும்பவில்லை. மகளின் தோளைப் பிடித்தபடி தெருவில் நாலு வீடு தள்ளி நடந்தாள். கூரை சரிந்து, பப்பாளி முளைத்துப் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் முன் நின்றாள்.

"இந்த வீட்ல இருந்தவங்கதான் எனக்கு டான்ஸ் கத்துக்குடுத்தாங்க. கிளப்புல உங்க டாடி மேடைல வாசிப்பாரு, நான் கீழ ஆடுவேன்."

"நீங்களா? டான்ஸா?"

"பின்ன?"

லூயிசா செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினாள். மகளின் தோளில் ஒரு கையும் இடுப்பில் ஒரு கையும் வைத்து, தார் ரோட்டில் வலது காலை ஒருமுறை தட்டி, பக்கவாட்டில் நகர்ந்தாள். "நீயும் வாடி. இந்தக் கால மொதல்ல." பின்னால் வந்த ஆட்டோ ஹாரன் அடிக்காமல் நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, ஹேண்டில்மேல் கையை மடித்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.