ஜன்னலில் ஐந்து நிறம்

“இந்தப் பெட்டி முதல்ல என்ன நிறம்மா?” என்று ஸ்கேல் சார் என்னைக் கேட்டார். சட்டைப் பையில் எப்போதும் ஸ்கேல் செருகியிருக்கும் ரயில்வே சோதனை அதிகாரிக்கு அத்தை வைத்த பெயர் அது. அவருடைய படிவத்தில் நிறத்துக்கு ஒரு கட்டம் காலியாக இருந்தது. எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் வெளியாள் முன்னால் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

பணிமனையின் கடைசித் தண்டவாளத்தில் நின்ற பழைய மர ரயில்பெட்டி அது. அப்பா தச்சர். இருக்கைக்கு மெத்தை தைப்பது அத்தை. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது நான். தண்ணீர்ச் சோதனையில் தேறினால் ஞாயிறுதோறும் ஏரிவரை போகும் வண்டியில் அதைக் கோப்பார்கள். ஒரு சொட்டு உள்ளே விழுந்தாலும் உடைத்து எடைக்குப் போட்டுவிடுவார்கள்.

அன்று மாலை ஒரு ஜன்னல் ஷட்டரின் வெளிப்பக்க மூலையில் காசளவு இடத்தைத் தேய்த்துப் பார்த்தேன். வெங்காயம் உரிப்பதுபோல் நிறம் நிறமாக வந்தது. பெட்டி பார்த்த வேலைகள் பழைய பதிவேட்டில் இருந்தன. நான் வரிசையாகப் பொருத்திக்கொண்டேன். சாம்பல், சிமெண்ட் கிடங்கு. பச்சை, தண்டவாள வேலைக்காரர்கள் குடும்பத்தோடு தங்கிய வீடு. வெள்ளை, ஊர் ஊராகப் போன ஆஸ்பத்திரி. பழுப்பு, மூன்றாம் வகுப்பு. மரத்தை ஒட்டி, மாதுளை முத்துச் சிவப்பு. அதுதான் முதல் வகுப்பு.

அத்தை எட்டிப் பார்த்தாள். “வெள்ளையில ஊசிக்குப் பயந்து எத்தனை பேர் குதிச்சு ஓடினாங்களோ! பச்சையில நாலு கொழந்தையாவது பொறந்திருக்கும்.”

“சிவப்பே அடிப்போம்,” என்றார் அப்பா. “ஆனா எல்லா ஷட்டர்லயும் வெளிப்பக்கம் இந்த மாதிரி ஒரு வட்டம் விட்டுவை. ஏற வர்றவங்க பாக்கட்டும்.”

சோதனை நாளன்று பழைய இரும்பு வியாபாரி காலையிலேயே லாரியோடு வந்துவிட்டார். அத்தைக்கு அவர் ‘கிலோ அண்ணன்’.

“மேஸ்திரி, இது ரயிலா, சல்லடையா? சிவப்புச் சாயம் பூசினா கெழவி கொமரி ஆயிடுவாளா?”

“உங்க லாரியை விட இது அம்பது வயசு பெரியது. மரியாதையாப் பேசுங்க,” என்றாள் அத்தை.

நான் உள்ளே இருக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் ஐந்து நிற வட்டம் ஒன்று என்னையே பார்த்தது. அடுத்த ஜன்னலிலும் ஒன்று. அந்தப் பக்கம் மொத்தம் நான்கு. வெளியே பார்க்க வேண்டிய வட்டம் உள்ளே பார்த்தால் ஷட்டர் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். மழையை வெளியே வழியவிட வேண்டிய சாய்வு மரப்பட்டைகள் உள்ளே சரிந்திருந்தன. அப்பா பென்சிலால் ‘வெளி’ என்று எழுதியிருந்ததையும் சேர்த்து மழமழவென்று தேய்த்தது நான்தான். முந்தின நாள் இருட்டும் நேரத்தில் அவர் அவசரமாக மாட்டியிருந்தார்.

வெளியே பம்பு ஓடத் தொடங்கிவிட்டது. இறங்கினேன். ஸ்கேல் சார், கிலோ அண்ணன், குழாய் பிடித்த இரண்டு பேர், எல்லோரும் திரும்பினார்கள். எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

“அப்பா, நாலு ஜன்னல் சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கு. குறியை நான்தான் அழிச்சுட்டேன்.”

கிலோ அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்பா ஜன்னலைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

ஸ்கேல் சார் பம்பை நிறுத்தச் சொன்னார். “பம்பு சூடு ஆற அரை மணி ஆகும்,” என்றார், நன்றாகவே ஓடிய பம்பைக் காட்டி.

அப்பா திருப்புளியோடு பாய்ந்தார். நான் ஷட்டரைத் தாங்கிப் பிடித்தேன். அத்தை திருகாணிகளைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றதால் அந்த அரை மணிக்குக் கிலோ அண்ணனுக்குப் பதில் சொல்ல ஆளில்லை. நான்காவது ஷட்டர் ஏறியதும் அத்தை பெட்டிக்குள் போய், தான் தைத்த மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“நனைஞ்சா நானும் சேந்தே நனையறேன்!”

இரண்டு பக்கமும் தண்ணீர் சாட்டையாக அடித்தது. பத்து நிமிடம். நின்றதும் உள்ளேயிருந்து குரல் வந்தது.

“யாராவது விசிறி குடுங்களேன், ஒரே புழுக்கம்!”

குழாய்க்காரர்கள் கைதட்டினார்கள். ஸ்கேல் சார் உள்ளே ஏறி மெத்தை மெத்தையாகத் தடவிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அப்பா என் தலையைப் பிடித்து ஆட்டிய ஆட்டில் பின்னல் அவிழ்ந்துபோனது.

“கிலோ அண்ணே, ஞாயித்துக்கிழமை அண்ணியையும் கூட்டிட்டு வாங்க,” என்று அத்தை ஜன்னல் வழியாகக் கத்தினாள். “ஓரமா எடம் புடிச்சு வைக்கிறேன்!”

காலையிலிருந்து வாய் ஓயாத மனிதர், உடைத்த பெட்டியைக் கட்டி ஏற்றக் கொண்டுவந்த சங்கிலியைச் சுருட்டி லாரிக்குள் போட்டார். ஏறிக் கதவைச் சாத்தினார். வெறும் லாரியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.