ஒரு மாதக் கூரை

வெள்ளம் வடிந்த மறுவாரம், தபால்காரர் குடும்பம் தங்கியிருந்த கூடாரம் வேர் விட்டது. கூடாரத்தின் இரும்பு முளைகளைப் பிடுங்கப் போனவர்கள், அவற்றின் அடியில் வெள்ளை நூலாக வேர் ஓடியிருப்பதைப் பார்த்து, மண் கொஞ்சம் இளகட்டும் என்று விட்டுவிட்டுப் போனார்கள். மாதம் முடிவதற்குள் முகாமில் இருந்த எல்லாக் கூடாரங்களும் மண்ணைப் பற்றிக்கொண்டன.

அவற்றைக் கொடுத்தவரைப் புயல் என்பார்கள். கூடாரம் விற்கிறவருக்குப் புயல் என்று பேர் வைக்கிற குசும்பு அந்த ஊர்க்காரர்களுக்கு உண்டு. இளவயதில் சரக்கைத் தோளில் சுமந்து பனிமலைக்குப் போய், மலையேறிகளின் கண்முன்னே தன் கூடாரத்தில் தானே படுத்துத் தூங்கிக் காட்டி விற்றவர். அந்த வியாபாரத்தில் இரண்டு கால்விரல்கள் போயின, லாபம் வந்தது. பாலைவனத்துக்கு விற்றார், சர்க்கஸுக்கு விற்றார். ஆற்றுத் தெப்பத்தின்மேல் கூடாரம் அடித்து ஓட்டல் நடத்தி, ஓட்டலோடு கடலுக்குள் போனார், மீனவர்கள் இழுத்து வந்து கரை சேர்த்தார்கள். அகலக்கால் வைக்காதே என்று அவரிடம் சொல்லிப் பலன் கண்டவர் யாருமில்லை. அறுபது தாண்டிய பிறகு ஒருநாள், வெள்ளத்தில் வீட்டை விட்டு வந்த தபால்காரரின் மனைவி, ஒழுகும் பேருந்து நிலையத்தில் பிள்ளைகளுக்கு மேல் குடை பிடித்தபடி நின்றுகொண்டே தூங்குவதைப் பார்த்தார். கடையை மருமகனிடம் ஒப்படைத்துவிட்டு அறக்கட்டளை தொடங்கினார். ‘ஒரு மாதக் கூரை’ என்று பெயர் வைத்தார். ஒரே மாதத்தில் வீடு திரும்பிவிடலாம், கூடாரத்தை என் கையாலேயே மடித்து எடுத்துப்போகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தார்.

கூடாரம் தைப்பவர்கள் கடைசித் தையலை முடிச்சிடாமல் விடுவார்கள். முடிச்சிட்டால் அது வீடாகிவிடும் என்பது அந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். தையற்கூடத்தைக் கவனித்துவந்த புயலின் மனைவி அதை எடுத்துச் சொல்லத்தான் செய்தார்.

“ஏங்க, முடிச்சு போட்டா அப்புறம் மடங்காதுங்க.”

“மலையேறுறவனுக்குக் கிழிஞ்சா இறங்கி வந்துடுவான். இவங்க புள்ளகுட்டியோட எங்க போவாங்க? ரெண்டு முடிச்சா போடச் சொல்லு.”

அப்படியே போட்டார்கள்.

தபால்காரரின் மனைவி வீட்டுக்குப் போய்ச் சேற்றை வாரி, தரையைக் கழுவி, எல்லோரையும் படுக்கவைத்தாள். விடிந்து கண்விழித்தபோது குடும்பமே கூடாரத்தில் கிடந்தது. மற்றவர்களுக்கும் அதே கதைதான். புயல் அவர்களை ரயிலேற்றித் தூரத்து விடுதிகளில் தங்கவைத்துப் பார்த்தார். காலையில் விடுதிக்காரர்களுக்குக் கசங்கிய படுக்கைகள்தான் மிஞ்சின. கத்தியால் கயிற்றை அறுத்தபோது, உள்ளே இருந்தவர்கள் பல்வலி வந்ததுபோலக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கத்தியைப் போட்டுவிட்டு அவர் அழுதார்.

அதிகாரிகளுக்கு இது வசதியாகப் போயிற்று. புது வீடுகள் கட்டித் தருவதாக இருந்த பொறியாளர் வந்து துணியைத் தட்டிப் பார்த்தார். “கல்லு மாதிரி இருக்கே, இதுக்கு மேல என்ன வேணும்?” என்றார். செங்கல் வேறு வேலைக்குப் போனது. கூடாரங்களுக்குக் கதவு எண் வந்தது, மின்சாரம் வந்தது, புயலுக்கு விருதும் வந்தது. தபால்காரர் துணிக்கூரையைப் பார்த்தபடியே செத்துப்போனார். மகளை வெளியூரில் கட்டிக்கொடுத்தார்கள். அவள் தினமும் காலையில் தாயின் பக்கத்தில் கண்விழித்தாள். மாப்பிள்ளை சில மாதங்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறொருத்தியைக் கட்டிக்கொண்டார்.

மாதம் பிறந்தால் புயல் முகாமுக்கு வந்து, ஒரு கூடாரத்தையாவது மடிக்க முடியுமா என்று முட்டி மோதிப் பார்ப்பார்.

“உங்க மேல தப்பில்லங்கய்யா. நனையாமத்தான் இருக்கோம்” என்பாள் தபால்காரரின் மனைவி. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருக்கும்.

அவருக்கு எண்பது ஆகும்போது, ஆறு இன்னொரு ஊரைக் கொண்டுபோனது. செத்தாலும் இனி ஒரு கூடாரம் தரமாட்டேன் என்று இருந்தவர், மழையில் நிற்கும் ஜனங்களைப் பார்த்ததும் தையற்கூடத்தைத் திறக்கச் சொன்னார். இந்தத் தடவை முடிச்சே போடவில்லை. ஆனால் துணிக்குப் பழகிப்போயிருந்தது. லாரியில் வரும்போதே மூட்டைகள் மண்ணைத் தேடி வேர் நீட்டின. அவர் எதையும் மறைக்கவில்லை. ஈரப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நின்ற பெண்ணிடம், இதற்குள் ஒருமுறை படுத்தால் பிறகு எங்கேயும் போக முடியாதம்மா என்று பொறுமையாக விளக்கினார்.

“தெரியுங்கய்யா” என்றாள். பிள்ளை இருமியது. அவள் கூடாரம் அடிக்கப்போகும் மேட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள்.

“வாசலை இந்தப் பக்கமா வச்சுக் குடுங்க. அந்தப் பக்கம்னா சாயங்கால வெயில் நேரா அடிக்கும், காலம் பூரா கஷ்டம்.”

அவர் கம்பத்தை அவள் காட்டிய பக்கமாகத் திருப்பி நிறுத்தி, சுத்தியலை எடுத்து முளையை அடிக்க ஆரம்பித்தார்.