வாசற்படியில் ஒரு கைகுலுக்கல்

1994ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினான்காம் திகதி, திங்கட்கிழமை, முற்பகல் பதினொன்று இருபதுக்கு, ஒக்லாந்தின் ஹில்ஸ்பரோவில் உள்ள ஒரு மரவீட்டின் வாசலில் இரு நாடுகளின் பிரதிநிதிகள் கைகுலுக்கினார்கள். அந்தக் கைகள் இன்றுவரை பிரியவில்லை. வாசலின் உட்புறம் நின்றவர் அர்காதி வெலெஷ். சோவியத் ஒன்றியம் கலைந்தபின் தோன்றிய வெஸ்கோரியா குடியரசின் துணைத் தூதர். வெளிப்புறம் நின்றவர் ஹார்கிரீவ்ஸ். நியூசிலாந்தின் வெளியுறவு அலுவலர். இரு நாடுகளுக்கும் இடையே அன்று தொடங்கவிருந்த உறவின் முதற் சடங்காக, அந்த வீடு துணைத் தூதரகமாகத் திறக்கப்பட இருந்தது. இருவருக்கும் அருகே, ஓர் அடி பின்தள்ளி, மொழிபெயர்ப்பாளராக ரதிதேவி நின்றிருந்தாள். நிகழ்ச்சி நிரலில் அவளுடைய பெயர் அச்சிடப்படவில்லை.

ரதிதேவி யாழ்ப்பாணத்தவள். புலமைப்பரிசில் பெற்று, பின்னாளில் வெஸ்கோரியாவின் தலைநகரான ஊரில் ஏழு ஆண்டுகள் மருத்துவம் பயின்றவள். 1991இல் கணவன் ஜெயரட்ணத்தோடு ஒக்லாந்துக்கு அகதியாக வந்தாள். அவளுக்குப் பட்டம் வழங்கிய நாடு அதே ஆண்டு டிசம்பரில் இல்லாமற் போயிற்று. பட்டம் உண்மையானதென இரு அரசுகளும் ஒரே தாளில் கையெழுத்திட்டால்தான் அவள் மருத்துவராகப் பதிவு பெறலாம் என்றார்கள். முந்தைய ஒன்றியத்தின் ஆவணங்களுக்குத் தாங்கள் பொறுப்பல்லர் என வெஸ்கோரியா எழுதியது. இல்லாத நாட்டின் முத்திரையை ஏற்பதற்கில்லை என நியூசிலாந்து எழுதியது. இரண்டு கடிதங்களும் ஒரே வாக்கியத்தில் முடிந்தன: தங்கள் வேண்டுகோள் உரிய காலத்தில் பரிசீலிக்கப்படும். முதற் கடிதத்தின் கீழே வெலெஷின் கையெழுத்தும், இரண்டாவதன் கீழே ஹார்கிரீவ்ஸின் கையெழுத்தும் இருந்தன. மூன்று ஆண்டுகளாக அவள் த்ரீ கிங்ஸ் என்ற பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்புகளை மாற்றிக்கொண்டிருந்தாள்.

வெஸ்கோரியாவில் வாசற்படிக்குக் குறுக்கே எவரும் கைகுலுக்குவதில்லை. ஒருவர் படியைத் தாண்டி மற்றவரின் பக்கம் வந்த பிறகே கை நீட்டுவார்கள். படிக்குக் குறுக்கே பற்றிய கைகள், உள்ளே வரும்படி சொல்லப்படும்வரை பிரியா என்பார்கள். வாசற்படியில் நின்று கொடுக்கல் வாங்கல் செய்யலாகாது என்று வளர்க்கப்பட்ட ரதிதேவிக்கு அது புதிய பாடமன்று. ஹார்கிரீவ்ஸுக்கோ அது தெரியாது. புகைப்படக்காரர் சைகை காட்டியதும் அவர் வெளியே நின்றபடியே கையை நீட்டினார். வெலெஷ் புன்னகை மாறாமல், தம் மொழியில், "முதலில் உள்ளே வரச் சொல்லுங்கள், படிக்குக் குறுக்கே வேண்டாம்," என்றார். ரதிதேவி அதைத் தெளிவான ஆங்கிலத்தில், "தங்கள் கையைப் பற்றுவதற்காகவே இவ்வளவு தூரம் வந்தாராம்," என்று மொழிபெயர்த்தாள். ஹார்கிரீவ்ஸ் மகிழ்ந்து கையை இன்னும் நீட்டினார். நீட்டிய கையை மறுப்பது பெரிய அவமதிப்பாகும் என்பதால் வெலெஷ் அதைப் பற்றினார்.

முதல் வாரத்தில் சவர்க்காரம், ஆமணக்கெண்ணெய், பன்னிரண்டு இறாத்தல் வெண்ணெய் ஆகியவை பயன்படுத்தப்பட்டன. பலனில்லை. கைகளை இடம்பெயர்க்கவும் இயலவில்லை. உள்ளே ஓரங்குலம் இழுத்தால் ஹார்கிரீவ்ஸ் அலறினார், வெளியே ஓரங்குலம் இழுத்தால் வெலெஷ் அலறினார். வாசலின் மரநிலையை அறுத்தெடுக்க இரு அரசுகளின் எழுத்துமூல ஒப்புதல் தேவைப்பட்டது. அந்தக் கடிதப் போக்குவரத்து இன்னும் நடைபெறுகிறது. ஏப்ரலில் வெளிப்பக்கம் தகரக் கூரை போட்டார்கள். இருவருக்கும் நாற்காலி கொடுத்தார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாததால், ரதிதேவி நாள்தோறும் பத்து மணி முதல் நான்கு மணி வரை அழைக்கப்பட்டாள்.

அவள் ஒரு சொல்லையும் மென்மையாக்கவில்லை.

"இந்த மனிதனின் கை ஊறவைத்த ரொட்டி போல இருக்கிறது. அப்படியே சொல்லுங்கள் அம்மணி," என்றார் வெலெஷ். அவள் அப்படியே சொன்னாள்.

"இவருடைய குடியரசைக் கண்டுபிடிக்க நான் மூன்று வரைபடங்கள் வாங்க வேண்டியிருந்தது," என்றார் ஹார்கிரீவ்ஸ். அதையும் சொன்னாள்.

இப்படி இரண்டு குளிர்காலங்கள் சென்றன. மனுகாவில் ஒரு கிடங்கில் வேலை செய்த ஜெயரட்ணம் மட்டும் உண்மையை ஊகித்திருந்தான்.

"ரதி, அந்தாள் அண்டைக்குச் சொன்னதை இப்பவாவது ஒழுங்காச் சொல்லிவிடுமன். கை கழண்டிடும் போல கிடக்கு," என்றான்.

"ஓம், கழண்டிடும். எனக்கும் தெரியும்."

"பிறகென்ன? பாவங்களப்பா. ஒருத்தன் குளிருக்க, மற்றவன் ஹீட்டருக்குப் பக்கத்தில."

"நான் மூண்டு வருசம் எந்தப் பக்கத்தில நிண்டனான் எண்டு அவை கேட்டவையே? முதல்ல என்ர தாளில கையெழுத்துப் போடட்டும்."

1996 ஜூலையில் அவள் பழைய கடிதங்கள் இரண்டையும் கொண்டுவந்து இருவரின் மடியிலும் வைத்து, தான் யாரென்பதையும் அன்று ஒரு வாக்கியத்தை மாற்றிச் சொன்னதையும் சொன்னாள். உடனே கையெழுத்திடுவதாக இருவருமே சொன்னார்கள். அப்போதுதான் ரதிதேவிக்குத் தன் பிழை விளங்கிற்று. அவள் பூட்டிவைத்திருந்தவை இருவரின் வலக் கைகள். இடக் கையால் இட்ட கையெழுத்தை இரு தலைநகரங்களும் மாதிரியோடு ஒப்பிட்டுத் திருப்பி அனுப்பின. வெலெஷின் வாக்கியத்தை மொழிபெயர்த்தால் கைகள் விடுபடும். விடுபட்ட கைகள் பின்னர் எழுதுமா என்பதற்கு அவளிடம் உறுதி ஏதுமில்லை. அவள் அதை மொழிபெயர்க்கவில்லை. இணைந்த கைகளின் நடுவே ஒரு பேனாவைச் செருகினாள்.

பதினொரு மாதங்கள் பயிற்சி நடந்தது. ஒருவர் மேலே இழுக்க மற்றவர் கீழே தள்ள, தாள்கள் கிழிந்தன. ரதிதேவி இரு மொழிகளிலும் "மறுபடியும்" என்றாள். 1997 ஜூனில், ஒரே வீச்சில், இரு கையெழுத்துகள் ஒன்றாக விழுந்தன. இரு அரசுகளும் தத்தம் பாதியை அடையாளம் கண்டு ஏற்றுக்கொண்டன. அடுத்த ஆண்டு தேர்வுகளை முடித்து அவள் மருத்துவராகப் பதிவு பெற்றாள்.

அதன்பின் இருவரும் அதே பேனாவால் அவளுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார்கள். அன்று வெலெஷ் சொன்னதை ஹார்கிரீவ்ஸுக்கு உள்ளபடி சொல்லியருளுமாறு மிகப் பணிவாகக் கேட்டிருந்தார்கள். ரதிதேவி ஒரு வாரத்தில் பதில் அனுப்பினாள். அது நல்ல தாளில், பிழையின்றி, இரு மொழிகளில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது: தங்கள் வேண்டுகோள் உரிய காலத்தில் பரிசீலிக்கப்படும்.

இது 1999. தபால்காரர் அந்தக் கைகளின் கீழே குனிந்து சென்று கடிதங்களை உள்ளே வைக்கிறார். விசாவுக்கு வருவோரும் அவ்வாறே குனிகிறார்கள். மாதத்தின் முதற் புதன்கிழமை மருத்துவர் ரதிதேவி அங்கே வந்து, இருவரின் மணிக்கட்டையும் பற்றி நாடி பார்க்கிறாள்; இப்போது அது ஒரே நாடியாகத்தான் துடிக்கிறது, எழுபத்திரண்டு. குறித்துக்கொண்டு, இருவருக்கும் வணக்கம் சொல்லி, வந்த வழியே புறப்படுகிறாள். அவள் எப்போதும் பின்கதவால்தான் வருகிறாள்.